தங்க ஊரில் சொந்த வீடு: பிரெக்கன்ரிட்ஜும் அங்கே வீடு கட்டிய கறுப்பினத்தவரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே இருக்கிறது பிரெக்கன்ரிட்ஜ். இன்று பனிச்சறுக்குக்காக உலகம் முழுவதிலுமிருந்து பணக்காரர்கள் வந்து குவியும் ஊர். அங்கே வாஷிங்டன் அவென்யூவில் 1882-ஆம் ஆண்டு எழுப்பிய மர வீடு ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. கட்டியவர் பார்னி ஃபோர்டு. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். அந்த வீட்டைப் பற்றியும், அதே காலத்தில் மேற்கு மலை ஊர்களில் சொத்து வாங்கிய மற்ற கறுப்பினத்தவர்களைப் பற்றியும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பிரெக்கன்ரிட்ஜ் எப்படி உருவான ஊர்?

1859-இல், புளூ ஆற்றுப் படுகையில் தங்கம் கிடைத்ததும் முளைத்த ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 9,600 அடி உயரம். அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் ஜான் பிரெக்கின்ரிட்ஜின் பெயரை வைத்தால் தபால் நிலையம் சீக்கிரம் கிடைக்கும் என்ற கணக்கில் பெயர் சூட்டினார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. அந்த மனிதர் பிறகு மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையில் சேர்ந்து தளபதியானார். ஊரார் வெட்கப்பட்டுப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டார்களாம். ஊரின் பெயர்க்கதை இது; அந்த ஊரில் இன்று மக்கள் தேடிப்போய்ப் பார்க்கும் வீடோ அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவருடையது.

பார்னி ஃபோர்டு யார்?

1822-இல் பிறந்தவர். அடிமையாக வேலை செய்த காலத்தில், இல்லினாய் மாநிலத்தின் குவின்சி ஊரில் ஆற்றுப் படகிலிருந்து தப்பினார். சிகாகோ போய்ச் சேர்ந்து, அடிமைகள் தப்ப உதவிய ரகசிய வலைப்பின்னலோடு பழகினார். ஹென்றி வேகனர் என்ற கறுப்பினச் செயல்பாட்டாளர் அங்கே அவருக்கு நண்பரானார்; உறவினரும் ஆனார். ஜூலியா என்பவரை ஃபோர்டு மணந்துகொண்டார்.

கலிபோர்னியாவின் தங்கத்தைத் தேடி 1851-இல் கப்பலேறியவர் நிகராகுவாவில் இறங்கிவிட்டார். கிரேடவுன் துறைமுகத்தில் ஹோட்டல் நடத்தி நல்ல வருமானம் பார்த்தார். 1854-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று அந்தத் துறைமுகத்தைக் குண்டுவீசி அழித்தபோது ஹோட்டலும் போயிற்று. 1860-இல் கொலராடோ வந்தார். அதன் பிறகு அவர் ஏறியதும் இறங்கியதும் ஒரு முறையல்ல. கீழே வரும் பதில்களில் பாருங்கள்.

தங்கம் தேடித்தானே வந்தார்? அவருக்குத் தங்கம் கிடைத்ததா?

கிடைக்கவிடவில்லை என்பதுதான் சரி. முதலில் சென்ட்ரல் சிட்டி பக்கமிருந்த கிரெகரி பள்ளத்தாக்கிலும், பிறகு பிரெக்கன்ரிட்ஜுக்கு மேலேயிருந்த குன்றிலும் முயன்றார். கறுப்பினத்தவர் பெயரில் உரிமையைப் பதிவு செய்ய முடியாது என்பதால் ஒரு வக்கீலின் பெயரில் பதிவு செய்துவைத்தார். மண்ணில் தங்கம் தெரிய ஆரம்பித்ததும் வக்கீல் அதைத் தன்னுடையதென்றார்; ஃபோர்டும் கூட்டாளிகளும் விரட்டப்பட்டார்கள். குன்றில் எங்கோ அவர்கள் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனதாக ஒரு கதை பரவி, ஆண்டுக்கணக்கில் மண்வெட்டியோடு ஆட்கள் அலைந்தார்கள். அந்தக் குன்றுக்கு ஊரார் வைத்திருந்த பெயர் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்; 1964-இல்தான் அது பார்னி ஃபோர்டு குன்று என்று மாறியது. அந்தப் பழைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அவரால் ஏன் சொந்தப் பெயரில் பதிவு செய்ய முடியவில்லை? சட்டம் என்ன சொன்னது?

இந்த விஷயத்தில் மிகுந்த குழப்பம் நிலவுகிறது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது: கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். புறம்போக்காகக் கிடந்த கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) நிலத்தின் மீது உரிமை கோருகிறவர் குடிமகனாகவோ, குடியுரிமைக்கு விண்ணப்பித்தவராகவோ இருக்க வேண்டும் என்பது நிலச் சட்டம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. சுரங்கப் பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். 1866 வரை அங்கே கூட்டரசின் சுரங்கச் சட்டமே கிடையாது. சுரங்கக்காரர்களே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கூட்டம் போட்டு, விதி எழுதி, பதிவேட்டுக்கு ஒரு எழுத்தரை அமர்த்திக்கொண்டார்கள். யார் பெயரைப் பதிவது, யார் பெயரைத் தள்ளுவது என்பது அந்தக் கூட்டத்தின் மனப்போக்கைப் பொறுத்தது.

ஆனால் இதில் ஒரு சந்து இருந்தது. அரசு நிலத்தின் மீது புதிதாக உரிமை கோருவது வேறு. ஏற்கெனவே ஒருவர் கையிலிருக்கும் மனையையோ வீட்டையோ காசு கொடுத்து வாங்குவது வேறு. இரண்டாவதைக் கொலராடோவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. விற்கிறவனுக்குப் பணம் வேண்டும், வாங்குகிறவரிடம் பணம் இருக்கிறது. கிரயப் பத்திரம் எழுதினால் வேலை முடிந்தது. மலை ஊர்களின் முதல் கறுப்பின வீட்டுக்காரர்கள் நுழைந்த வழி இதுதான்.

1866-இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம் சொத்து வாங்க, விற்க, வாரிசுக்கு எழுதிவைக்க எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே உரிமை என்று அறிவித்தது. 1868-இல் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் குடியுரிமையையே உறுதிசெய்தது. காகிதத்தில் தடை நீங்கியது.

தங்கம் கையை விட்டுப் போனால், வீடு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

சோற்றிலிருந்தும் துணியிலிருந்தும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தங்க ஊர்களில் மண்ணைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். தோண்டியவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களும், முடி வெட்டியவர்களும், துணி வெளுத்தவர்களும் வாரந்தோறும் காசு பார்த்தார்கள்.

க்ளாரா பிரவுனை எடுத்துக்கொள்வோம். 1800 வாக்கில் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1835-இல் கென்டக்கியில் எஜமானர் இறந்ததும் கணவரும் பிள்ளைகளும் ஏலத்தில் ஆளுக்கொரு பக்கம் விற்கப்பட்டார்கள். 1856-இல் விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்றவர் ஓராண்டுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது கென்டக்கிச் சட்டம். 1859-இல், ஏறக்குறைய அறுபது வயதில், மாட்டு வண்டித் தொடர் ஒன்றில் சமையல்காரியாகச் சேர்ந்து சமவெளியைக் கடந்து கொலராடோவின் டென்வர் நகருக்கு வந்தார். பெரும்பாலான தூரம் நடைதான். பிறகு மலையேறி சென்ட்ரல் சிட்டியில் சலவைத் தொழில் ஆரம்பித்தார்.

கம்பளிச் சட்டை ஒன்றைத் துவைக்க 50 சென்ட். கேட்க எளிதாக இருக்கிறது. ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வர வேண்டும். விறகடுப்பில் செப்பு அண்டா ஏற்ற வேண்டும். 8,500 அடி உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுரங்கச் சேறும் எண்ணெய்ப்பிசுக்கும் அந்தச் சூட்டில் சுலபத்தில் விடாது. பலகையில் வைத்துத் தேய்த்து, பிழிந்து, உறைபனிக் காலத்தில் கொடியில் விறைத்துப்போகும் துணியை உள்ளே கொண்டுவந்து காயவைத்து, அடுப்பில் சூடேற்றிய இரும்பால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். இப்படிச் சேர்த்த காசைச் சுரங்கப் பங்குகளிலும் மனைகளிலும் போட்டார். உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில் அவர் சேர்த்திருந்தது ஏறக்குறைய 10,000 டாலர், டென்வரில் 16 மனைகள், சென்ட்ரல் சிட்டியில் 7 வீடுகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நோயாளிகளும் வீடற்றவர்களும் அவர் வீட்டில் தங்கினார்கள். மெதடிஸ்ட் சபையாரின் கூட்டமும் அங்கே நடந்தது.

ஃபோர்டுக்குக் கடன் கொடுக்க யாராவது முன்வந்தார்களா?

வந்தார்கள், வட்டியைக் கேட்டால் மயக்கம் வரும். டென்வரில் அவர் நடத்திய கடை 1863 ஏப்ரல் 19-ஆம் தேதி நகரத்தையே பொசுக்கிய தீயில் எரிந்தது. லூதர் கவுன்ட்ஸ் என்ற வங்கியாளர் 9,000 டாலர் கொடுத்தார். வட்டி 25 சதவீதம். அந்தப் பணத்தில் பிளேக் தெருவில் செங்கல் கட்டடம் எழும்பியது. கீழே உணவகம், மேலே மதுக்கூடம், நிலவறையில் முடிதிருத்தும் கடை. அதே ஆண்டு ஆகஸ்டில் கதவு திறந்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது.

பிறகு இன்டர்-ஓஷன் என்ற பெயரில் டென்வரிலும் வயோமிங் பிரதேசத்தின் (அன்று இன்னும் மாநிலமாகாத பகுதி) செயென் ஊரிலும் பெரிய ஹோட்டல்களைக் கட்டினார். செயென் ஹோட்டல் அவரைக் கவிழ்த்தது. எல்லாவற்றையும் இழந்துவிட்டு, முன்பு துரத்திய அதே பிரெக்கன்ரிட்ஜுக்கு 1880 வாக்கில் திரும்பி வந்து ஓர் உணவகம் திறந்தார்.

அவருடைய வீட்டில் சமையலறையே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1882-இல் எலியாஸ் நாஷோல்டு என்ற உள்ளூர்க் கட்டுநர் அந்த வீட்டைக் கட்டித்தந்தார். டென்வரிலிருந்து வரும் ரயில் பாதை ஊரை எட்டியதும் அதே ஆண்டுதான். விக்டோரிய பாணி, முன்புறம் வெளியே பிதுங்கிய ஜன்னல், மரவேலைப்பாடு. ஆனால் அடுப்பு எரிக்க இடமில்லை. ஃபோர்டின் உணவகம் பக்கத்திலேயே இருந்தது. சாப்பாடு அங்கிருந்து வந்துவிடும்.

இதைச் சிலர் வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. பல வருடம் பிறருக்குச் சமைத்தே சம்பாதித்த ஒரு மனிதர், தம் வீட்டைத் தாம் விரும்பியபடி கட்டும்போது அடுப்பை வெளியே வைத்துவிட்டார். அவரும் ஜூலியாவும் விருந்தினரை வரவேற்க முன்னறைகளே போதும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம். அவர் காரணம் எழுதி வைக்கவில்லை.

ஊரில் கறுப்பினத்தவருக்கென்று தனித் தெரு இருந்ததா?

இருக்கும் அளவுக்கு எண்ணிக்கையே இல்லை. கொலராடோ முழுவதிலும் 1860 கணக்கெடுப்பில் 46 கறுப்பினத்தவர், 1870-இல் 456, 1880-இல் 2,435. அதில் பெரும்பகுதி டென்வர் பக்கம். மலை ஊர்களில் சில குடும்பங்கள் ஆங்காங்கே இருந்தன. ஃபோர்டின் வீடு மெயின் தெருவுக்குப் பக்கத்திலேயே, மற்றவர்கள் வீடுகளுக்கு நடுவில் அமைந்திருக்கிறது. குறிப்பிட்ட இனத்தாருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் அமெரிக்க நகரங்களில் பரவியது இருபதாம் நூற்றாண்டில். அவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டரசுச் சட்டம் வந்தது 1968-இல். ஒரு விதத்தில், 1882-இல் ஃபோர்டு கட்டிய இடத்தில் கட்டுவதைப் போல 1930-இல் ஒரு பெருநகரின் நல்ல தெருவில் கட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகம். காலம் போகப் போக எல்லாம் தானாகச் சீரடையும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

க்ளாரா பிரவுன் இறுதியில் ஏழையாக இறந்தார் என்கிறார்களே, அவ்வளவு சொத்தும் என்ன ஆனது?

தண்ணீரும் தீயும் மனிதர்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள். 1864 மே மாதம் டென்வரின் செர்ரி ஓடையில் பெருவெள்ளம். நகர மண்டபமே, பதிவேடுகளோடு, அடித்துச் செல்லப்பட்டது. தம் மனைகளுக்கான ஆதாரம் க்ளாராவின் கையை விட்டுப் போயிற்று. 1870-களில் சென்ட்ரல் சிட்டியில் பற்றிய தீயில் வீடுகள் எரிந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர். சொத்து விஷயத்தில் தரகர்களை நம்பி ஏமாந்தார். வில்லங்கம் பார்க்க அலைந்தவர்களுக்கு இந்தக் கதை புரியும்: சொத்து என்பது பத்திரம், பத்திரம் என்பது அதைப் பூட்டி வைத்திருக்கும் பெட்டி.

மிச்சத்தை அவரே செலவழித்தார். போர் முடிந்ததும் விற்கப்பட்ட மகளைத் தேடிக் கென்டக்கிக்குப் போனார். மகள் கிடைக்கவில்லை, விடுதலை பெற்ற பலரைத் தம் செலவில் கொலராடோவுக்குக் கூட்டிவந்தார். 1879-இல், தெற்கிலிருந்து தப்பிக் கான்சாஸில் குவிந்திருந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு உதவப் போனார். 1882-இல், அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸ் ஊரில், மகள் எலைசா ஜேனைக் கண்டார். ஏலத்தில் பிரிந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1885-இல் டென்வரில் காலமானார்.

கொலராடோவுக்கு வெளியே இப்படி யாரும் உண்டா?

உண்டு, மூவரை மட்டும் சொல்கிறேன்.

மொன்டானாவின் வர்ஜீனியா சிட்டியில் சாரா பிக்ஃபோர்டு. அடிமையாகப் பிறந்தவர், 1871-இல் ஒரு நீதிபதியின் குடும்பத்தோடு அந்தத் தங்க ஊருக்கு வந்தார். இரண்டாவது கணவர் ஸ்டீபன் வெள்ளையர். ஊரின் குடிநீர் நிறுவனத்தில் பெரும் பங்கை வாங்கியிருந்தார். 1900-இல் அவர் இறந்த பிறகு சாரா நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார், பின்னாளில் மீதிப் பங்கையும் வாங்கி முழு உரிமையாளரானார். 1931-இல் இறக்கும்வரை ஊருக்குத் தண்ணீர் அவர் கையிலிருந்துதான் போயிற்று.

வாஷிங்டன் மாநிலத்தில் சென்ட்ரேலியா என்றொரு ஊர். அதை நிறுவியவரின் பெயரே ஜார்ஜ் வாஷிங்டன், கறுப்பினத்தவர். அந்தப் பகுதி ஆரகன் பிரதேசத்தின் கீழ் இருந்தபோது அவர் பெயரில் நிலம் பதிவாகாது என்பதால், அவரை வளர்த்த வெள்ளைத் தம்பதியர் தங்கள் பெயரில் உரிமை கோரினார்கள். 1853-இல் வாஷிங்டன் தனிப் பிரதேசமானதும் நிலத்தை அவர் வாங்கிக்கொண்டார். 1875-இல் மனை பிரித்து விற்றார். பிரெக்கன்ரிட்ஜில் ஃபோர்டை மோசம் செய்ததும் ஒரு கடன் வாங்கிய பெயர்தான், இங்கே காப்பாற்றியதும் அதே உத்திதான். பெயரைக் கொடுத்த ஆள் மட்டும் வேறு.

ஆரகன் கதை தனி. 1857-இல் எழுதிய அதன் அரசியலமைப்பு கறுப்பினத்தவர் புதிதாக வந்து குடியேறுவதையும், மனை வைத்திருப்பதையும் தடை செய்தது. அந்த வாசகம் நீக்கப்பட்டது 1926-இல். அதே மண்ணில் லெட்டிஷா கார்சன் என்ற கறுப்பினப் பெண், தம் துணைவர் இறந்ததும் சொத்தைப் பறித்த நிர்வாகியின் மீது வழக்குத் தொடுத்து வென்றார். பிறகு 1862-ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டத்தின்படி சொந்த நிலமும் பெற்றார்.

அது ஏற்கெனவே பழங்குடியினரின் நிலம் அல்லவா?

ஆம். புளூ ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊட் மக்கள் கோடையில் வேட்டையாடிய இடம். 1880-களின் தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோர் கொலராடோவை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். ஃபோர்டு வீடு கட்டியதும் அதே ஆண்டுகளில்தான். மேற்கில் எழுதப்பட்ட எந்தப் பத்திரத்துக்கும், வெள்ளையருடையதானாலும் கறுப்பினத்தவருடையதானாலும், அடியில் இந்தக் கணக்கு தீராமல் கிடக்கிறது.

சொத்து மட்டும்தானா? அரசியலில் அவர்களுக்குக் குரல் இருந்ததா?

ஃபோர்டின் பணம் பேசியது அங்கேதான். 1865-இல் கொலராடோ மாநிலத் தகுதி கேட்டபோது, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. ஃபோர்டும் வேகனரும் முடிதிருத்துநர் வில்லியம் ஹார்டினும் எதிர்த்து முறையிட்டார்கள். 1867 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எல்லாப் பிரதேசங்களிலும் இன வேறுபாடின்றி ஆண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. கொலராடோ மாநிலமானது 1876-இல்.

இப்படிப்பட்ட வீட்டுக்காரர்களை ஆவணங்களில் எப்படித் தேடுவது?

பத்திரத்தில் பெரும்பாலும் இனம் குறிக்கப்பட்டிருக்காது. அதுதான் முதல் சிக்கல். கணக்கெடுப்புத் தாளில் இனம் இருக்கும், பத்திர எண் இருக்காது. ஆகவே இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். 1850, 1860, 1870 கணக்கெடுப்புகளில் ஒவ்வொருவரின் அசையாச் சொத்து மதிப்புக்குத் தனிக் கட்டம் உண்டு, அங்கே தொடங்குங்கள். 1880-இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921-இல் ஏற்பட்ட தீவிபத்தில் பாழானது. 1900 தாள்களில் வேறொரு நல்ல கேள்வி இருக்கிறது: வீடு சொந்தமா வாடகையா, சொந்தமென்றால் அடமானம் உண்டா. பெயர் கிடைத்ததும் மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் விற்றவர், வாங்கியவர் அட்டவணையைப் புரட்டுங்கள். சொத்துவரிப் பட்டியலையும், தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த நகர வரைபடங்களையும் விட்டுவிடாதீர்கள். எந்த வீடு மரம், எது செங்கல் என்பதுகூட அவற்றில் நிறம் நிறமாக இருக்கும்.

‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால் மட்டும் நின்று யோசியுங்கள். ‘கொலராடோவின் முதல் கறுப்பினப் பெண் தொழிலதிபர்’, ‘ஊரின் முதல் கறுப்பின வீட்டுக்காரர்’ என்ற பட்டங்கள் சுற்றுலாப் பலகைகளுக்கு அழகு. பெயர் பதிவாகாமல் வீடு வைத்திருந்த சமையல்காரர்களும் சலவைக்காரிகளும் இருந்திருக்கலாம்.

இன்று நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

பிரெக்கன்ரிட்ஜில் ஃபோர்டின் வீடு. டென்வரில் பிளேக் தெருக் கட்டடம், ரிவர்சைடு கல்லறைத் தோட்டத்தில் 1902-இல் காலமான ஃபோர்டின் சமாதி, மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் ஃபோர்டுக்கும் க்ளாராவுக்கும் வண்ணக் கண்ணாடிச் சித்திரங்கள். சென்ட்ரல் சிட்டியில் 1991 முதல் சூதாட்ட விடுதிகள் நிறைந்துவிட்டன. ஆனாலும் க்ளாரா ஆதரித்த செயின்ட் ஜேம்ஸ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. மலைக்குப் போகும்முன் ஒரு நாள் டென்வரில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்வது நல்லது. 9,600 அடியில் முதல் நாள் தலைவலி பலருக்கும் வரும்.